சொல்லுக்குக் கீழே ஒரு கோடு

நான் எழுதிக்கொடுத்த ஒரு மனுவில், ஒரு சொல்லுக்குக் கீழே ஒருவர் பேனாவால் கோடு போட்டார். நடந்தது அவ்வளவுதான். வருஷம் ஒன்றாகப் போகிறது, அந்தக் கோடு மட்டும் மனதை விட்டு அழிய மாட்டேன் என்கிறது. சொல், 'கேட்ச்' என்ற ஆங்கில வினையின் இறந்தகாலம். காட். (தமிழில் எழுதினால் கடவுளுக்கும் கயிற்றுக் கட்டிலுக்கும் அதே எழுத்துதான் வருகிறது. நம் ஊர் உச்சரிப்பிலும் மூன்றும் ஒன்றுதான், என்ன செய்ய.)

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் வீட்டுத் திண்ணையில் டியூஷன் எடுப்பவள் நான். மாலை ஆறு மணிக்கு மேல் பன்னிரண்டு, பதினைந்து பிள்ளைகள் வந்து உட்காரும். பாதிப் பேர் வீட்டில் கடல்தொழில். மீதிப் பேருக்கு ஐஸ் கம்பெனி, கருவாட்டுக் கடை, ஆட்டோ. இங்கிலீஷ் தெரிந்தவள் என்று இந்தப் பக்கம் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் அது டியூஷனோடு நிற்காது. வங்கியிலிருந்து கடிதம் வந்தால் வாசித்துச் சொல்ல வேண்டும், சிங்கப்பூருக்குப் போகும் பையனின் வேலை ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்து இது சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். மனுவும் எழுத வேண்டும். அதிலும் ஒரு வகை மனு இந்தத் தீவில் அடிக்கடி எழுதப்படுவது. எது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: இலங்கைக் கடற்படையிடம் அகப்பட்ட மீனவர்களுக்காக எழுதுவது.

எனக்கு மீன் பிடிக்கும்

கோட்டுக்கு வருவதற்கு முன்னால் பிள்ளைகளிடமிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் அந்தச் சொல் எனக்கு அத்துப்படி என்று நான் நினைத்திருந்ததே அவர்களால்தான்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், தன் வீட்டைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னதற்கு, 'ஐ கேட்ச் மை கிராண்ட்மதர் வெரி மச்' என்று எழுதிக்கொண்டு வந்தான். எனக்கு அப்பத்தாவை ரொம்பப் பிடிக்கும் என்பது அவன் கணக்கு. அகராதியில் பிடி என்றால் கேட்ச் என்று போட்டிருக்கிறது, அவன் என்ன செய்வான்? திண்ணையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு அவனுக்கு விளக்கப் போனால் எனக்கே தடுமாறியது. 'எனக்கு மீன் பிடிக்கும்', 'அப்பா மீன் பிடிப்பார்'. இரண்டிலும் இருப்பது ஒரே மீன், ஒரே பிடி. முதலாவதில் நான் ஒன்றுமே செய்வதில்லை. மீன்தான் என்னிடம் வந்து ஏதோ செய்கிறது. இரண்டாவதில் அப்பா ராத்திரி முழுக்கக் கண்விழிக்கிறார். பிடித்தம் என்ற சொல்லைப் பாருங்கள், ஆசைக்கும் அதுதான், சம்பளத்தில் குறைத்துக்கொள்வதற்கும் அதுதான். இதெல்லாம் எப்படி ஒரே வேரில் வந்து உட்கார்ந்தது என்று அவன் கேட்கவில்லை, நல்லவேளை.

அன்றிலிருந்து இந்தச் சொல்லுக்கென்று ஒரு நாள் ஒதுக்கிவிடுவேன். பஸ்ஸைப் பிடிப்பதில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சண்டை இல்லை. தீப்பிடிப்பதில்கூட ஏறக்குறைய இல்லை, தமிழில் வீடு தீப்பிடிக்கிறது, ஆங்கிலத்திலும் வீடுதான் நெருப்பைப் 'பிடிக்கிறது'. கிரிக்கெட்டில் நாம் ஒரு படி மேலே போய் 'கேட்ச் பிடிக்கிறோம்', பிடியையே பிடிக்கிறோம். சளியில்தான் முதல் தகராறு. தமிழில் சளி நம்மைப் பிடிக்கும். ஆங்கிலத்தில் நாம் போய்ச் சளியைப் பிடிக்க வேண்டும். 'ஐ காட் எ கோல்ட்' என்று போர்டில் எழுதியதும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள், 'சளிய எதுக்கு டீச்சர் நாம போய்ப் பிடிக்கணும்? அதுவால்ல வரும்.' நியாயமான கேள்வி. இந்தப் பெண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருவாள்.

தமிழில் நம்மைப் பிடிப்பவை ஏராளம். சனி பிடிக்கும், பேய் பிடிக்கும், கிறுக்குப் பிடிக்கும். இதற்கெல்லாம் இந்தக் கடற்கரையிலேயே தனித்தனியாகப் போகும் இடம் உண்டு. சனி பிடித்தவர்கள் தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லைச் சுற்றி வருவார்கள். மற்றது பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களை ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டி வருவார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்தார்கள். 'பேய் பிடித்தது', 'தீப்பிடித்தது' என்று இரண்டு எடுத்துக்காட்டை அடுத்தடுத்துப் போர்டில் எழுதிய ஒரு நாள் எனக்கு அது ஞாபகம் வந்து, இரண்டையும் அழித்துவிட்டு வேறு எழுதினேன்.

அப்புறம் மூச்சு. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதுதான் எனக்கே ஒரு சந்தோஷம். 'கேட்ச் யுவர் பிரெத்' என்றால் என்ன என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் 'மூச்சைப் பிடி' என்பார்கள். நேர் எதிர். மூச்சைப் பிடி என்றால் உள்ளே அடக்கு. கேட்ச் யுவர் பிரெத் என்றால் ஓடியது போதும், நின்று மூச்சு வாங்கிக்கொள். சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுக்கப் போவதை இந்தப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு முங்குவார்கள். உள்ளே இருக்கும்வரை மூச்சைப் பிடிக்கிறார்கள், அது நம் பிடி. மேலே வந்து இடுப்பில் கட்டிய பையில் பாசியைத் திணித்துக்கொண்டே மூச்சு வாங்குகிறார்களே, அது ஆங்கிலக் கேட்ச். 'தண்ணிக்கு உள்ள தமிழ், வெளிய இங்கிலீஷ்' என்று ஒரு பையன் சொன்னான். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இப்படியெல்லாம் சொல்லிக்கொடுத்ததால், இந்தச் சொல்லின் மேடுபள்ளம் எனக்குத் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டது.

கரையில் யாரும் பிடிப்பதில்லை

இன்னொன்றும் உண்டு, இது நான் கவனிக்கவே பல வருஷம் ஆனது. இங்கே கடல்தொழில் செய்பவர்கள் மீன் 'பிடிப்பதாக' அவ்வளவாகச் சொல்வதில்லை. 'கடலுக்குப் போறோம்' என்பார்கள், 'தொழிலுக்குப் போறோம்' என்பார்கள். வலை விடுவார்கள், வளைப்பார்கள், இழுப்பார்கள், தூண்டில் போடுவார்கள். பாசி எடுப்பார்கள். சங்குக்குக் குளிப்பார்கள், அந்தக் காலத்தில் முத்துக்கும் குளித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வினை. மீன்பிடி என்பது அரசாங்கப் பலகையில் இருக்கும் சொல். மீன்பிடி இறங்குதளம், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் அந்த 61 நாளைக்கூட இங்கே வெறும் 'தடை' என்றுதான் சொல்கிறோம். உள்நாட்டில், கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கிக் கச்சாவையும் கூடையையும் கொண்டு மீன் பிடிக்கும், அது பிடிதான். கடலில் அப்படி இல்லை. கடலில் கிடைப்பதைப் பிடிப்பு என்றும் சொல்வதில்லை. பாடு. மீன்பாடு.

'என்ன, பாடு எப்படி?' என்றுதான் படகு கரை அணைந்ததும் கேட்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கும் கேட்ச்தான், 'டுடேஸ் கேட்ச்' என்று சுற்றுலா ஓட்டல் பலகையில் சாக்பீஸில் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லில் ஒரு வெற்றி இருக்கிறது, கையை உயர்த்திக் காட்டும் ஒரு தோரணை. பாடு என்ற சொல்லில் அது இல்லை. படாத பாடு என்கிறோமே அதே பாடு, அவன் பாடு அவனுக்கு என்கிறோமே அதே பாடு. ஒன்றுமே இல்லாத நாளிலும் பாடு இருக்கத்தான் செய்கிறது. வலையோடு வந்து சேரும் பொடிமீனும் குப்பையும் சங்காயம். கோழித் தீவனத்துக்குப் போகும். அதற்கும் ஆங்கிலத்தில் கேட்ச்சின் ஒரு கிளைதான் இருக்கிறது, பைகேட்ச். எனக்குச் சங்காயம் என்ற சொல்தான் பிடித்திருக்கிறது, வாயில் போட்டதும் வாடை அடிக்கும் சொல்.

அப்படியானால் இந்தக் கரையில் பிடி என்ற சொல் எங்கேதான் புழங்குகிறது? செய்தித்தாளில் 'மீனவர்கள் சிறைபிடிப்பு' என்று வரும். தெருவில் 'பிடிச்சுட்டாக' என்பார்கள். எழுவாய் தேவையே இல்லை. யார், யாரை என்று கேட்க வேண்டியதும் இல்லை. எந்தப் படகு, எத்தனை பேர் என்று மட்டும் கேட்பார்கள்.

மனு

சனிக்கிழமை டோக்கன் (கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு) வாங்கிப் போன படகு ஒன்று ஞாயிற்றுக்கிழமை காலை கரைக்கு வரவில்லை. கூடப் போன படகுகளிலிருந்து தகவல் வந்துவிட்டது. அதில் எங்கள் தெருவின் கடைசி வீட்டு அக்காவின் மகன் இருந்தான். இருபத்திரண்டு வயது. சொந்தப் படகு கிடையாது, கூலிக்குப் போகிறவன். அவன் தங்கைதான் சளியைப் பற்றிக் கேள்வி கேட்ட அந்த எட்டாம் வகுப்பு.

அக்கா பத்து மணிக்கு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை, அதில் ஆதார் நகல், மீனவர் அட்டை, ரேஷன் கார்டு, பையனின் பாஸ்போர்ட் அளவு போட்டோ ஆறு. இதையெல்லாம் எங்கிருந்து எடுத்து வைத்தார் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. இந்தத் தெருவில் பல வீடுகளில் அப்படி ஒரு பை தயாராகவே இருக்கும். டெல்லிக்குப் போக வேண்டிய மனு, இங்கிலீஷில் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 'புள்ளயப் பிடிச்சுட்டுப் போயிட்டாக டீச்சர், அத மட்டும் எழுதுங்க' என்றார். அழவில்லை. நான் எழுதினேன். 'மை சன் வாஸ் காட் பை தி ஸ்ரீலங்கன் நேவி' என்று தொடங்கி, வயது, படகு, கிளம்பிய நேரம், குடும்ப நிலைமை எல்லாம் ஒரு பக்கத்துக்கு. டைப் அடித்து, வாசித்து, தமிழில் சொல்லிக்காட்டி, கையெழுத்து வாங்கினேன். திருத்தமான ஆங்கிலம். இப்போது பார்த்தாலும் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

மறுநாள் ராமநாதபுரத்தில் ஓர் அலுவலகம். எது என்பது முக்கியமில்லை. மனுவை வாங்கியவர் சின்ன வயசுக்காரர், கடுகடுப்பானவரும் இல்லை. உட்காரச் சொன்னார். முதல் வரியைப் படித்தார். பேனாவை எடுத்து அந்தச் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். என்னைப் பார்த்து, 'காட் டூயிங் வாட், மேடம்?' என்றார்.

என்ன செய்யும்போது பிடிபட்டான்?

எனக்குப் பதில் வரவில்லை. மீன் பிடிக்கும்போது என்று சொல்வதா? எங்கே என்று அடுத்த கேள்வி வரும். அவர் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே அந்த வாக்கியம் அவருக்கு முடியாமல் நின்றது. மாற்றி எழுதிக்கொண்டு வாங்க என்றார். அக்கா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பேனா எங்கே நின்றது என்று தெரிந்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் பாம்பன் பாலம் ஏறும்வரை இருவரும் பேசவில்லை. பாலத்தில் எப்போதும்போல இடப்பக்கம் பாக் நீரிணைக் கடல், வலப்பக்கம் மன்னார் வளைகுடா, பஸ்ஸில் இருந்த வெளியூர்க்காரர்கள் எல்லாம் எழுந்து போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அக்கா கேட்டார், 'அந்தச் சொல்லுல என்னத்தா இருந்துச்சு?'

'பிடிச்சுட்டாங்கன்னு எழுதிருந்தேன்க்கா. அதை இங்கிலீஷ்ல எழுதினா, ஏதோ தப்பு பண்றப்ப பிடிபட்டான்கிற மாதிரி வருது.'

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். 'பிடிச்சது அவுக. இதுல இவன் மேல எங்கன தப்பு வந்துச்சு?' என்றார்.

எச்சமும் முற்றும்

வீட்டுக்கு வந்ததும் அகராதிகளை எடுத்தேன். சமாதானத்துக்கு நான் அகராதி பார்ப்பது வழக்கம், சிலர் ஜெபமாலை உருட்டுவதுபோல. பெரிய அகராதிகளில் பொருள் எண்ணிக்கை என்று பார்த்தால் கேட்ச் ஒன்றும் முதல் வரிசை இல்லை. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு இரண்டாம் பதிப்பில் 'செட்'தான் மிக நீளமான பதிவு, பின்னால் திருத்திக்கொண்டு வந்தபோது 2011இல் 'ரன்' 645 பொருளோடு அதை முந்தியது என்பார்கள். எனக்கு அன்று 645 தேவைப்படவில்லை. ஒன்று போதும், பழி இல்லாத ஒன்று.

கிடைத்தது வேறு. கேட்ச் என்பது இங்கிலாந்தின் பழைய சொல் இல்லை, நார்மன்கள் கொண்டுவந்த பிரெஞ்சு. லத்தீனில் பிடிக்க முயல்வதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அதே சொல் பிரான்சின் இன்னொரு வட்டார உச்சரிப்பில் புறப்பட்டு ஆங்கிலத்துக்கு வந்து 'சேஸ்' ஆனது. ஆக, துரத்துவதும் பிடிப்பதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தொடக்கத்தில் கேட்ச்சுக்கே வேட்டையாடு, துரத்து என்றுதான் பொருள். அதற்கு முன்னால் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்த சொந்த ஆங்கிலச் சொல் மறைந்துபோய், அதன் மிச்சம் 'ஃபேங்' என்று பாம்பின் பல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைப் படித்தபோதுதான் அந்த அலுவலர் ஏன் நின்றார் என்று எனக்குப் பிடிபட்டது. (பிடிபட்டது! மாட்டிக்கொள்வதற்கும் புரிவதற்கும் தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்திலும் காதில் சரியாக விழாததற்கு 'ஐ டிடின்ட் கேட்ச் இட்' என்கிறார்கள். இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.) அந்தச் சொல்லின் உள்ளே ஒரு துரத்தல் இருக்கிறது. ஒருவனைக் காட் என்றால் அவன் ஏற்கெனவே ஓடியிருக்க வேண்டும்.

இலக்கணத்திலும் பார்த்தேன். 'காட் இன் தி ரெயின்' என்றால் பாவம், மழையில் மாட்டிக்கொண்டான். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி ரயிலில் இருந்தவர்களை 'காட் இன் தி சைக்ளோன்' என்றால் யாரும் என்ன செய்யும்போது என்று கேட்க மாட்டார்கள். நாமும் அங்கே பிடி என்பதில்லை, புயலில் சிக்கினார்கள் என்போம். சிக்கியது என்றால் குற்றமில்லை, வலையில் சிக்கிய மீன் என்ன தப்புச் செய்தது? 'இன்' போய் 'பை' வந்ததும் காற்று மாறுகிறது. காட் பை என்றால் வாத்தியார், போலீஸ், கேமரா. அதற்குப் பின்னால் ஓர் இருக்கை காலியாகக் கிடக்கிறது, காப்பியடிக்கும்போது, திருடும்போது என்று ஏதாவது வந்து உட்காரும்வரை வாக்கியம் நின்றுகொண்டே இருக்கும். அந்த இருக்கையைத்தான் அவர் பேனாவால் காட்டினார்.

ஆனால் என் தப்பு அங்கே இல்லை. அது ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தெரிந்தது. அக்கா 'பிடிச்சுட்டாக' என்று சொல்லவில்லை. 'பிடிச்சுட்டுப் போயிட்டாக' என்றார். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுப்பது: பிடித்து என்பது வினையெச்சம், போய்விட்டார்கள் என்பது முற்று. தமிழில் வாக்கியத்தின் பாரம் கடைசிச் சொல்லில் இறங்கும். முன்னால் வருவதெல்லாம் அதற்குப் போகும் வழி. அக்காவின் வாக்கியத்தில் பையன் பிடிக்கப்பட்டது வழி. கொண்டுபோய்விட்டார்கள், இங்கே இல்லை, அதுதான் செய்தி. நான் எச்சத்தை மொழிபெயர்த்துவிட்டு முற்றை விட்டுவிட்டேன். பதினான்கு வருஷம் சொல்லிக்கொடுத்த ஆள்.

மறுநாள் மனுவை மாற்றினேன். 'வாஸ் டேக்கன் அவே' என்று எழுதினேன். பிறகு அது குழந்தையைப் பூச்சாண்டி தூக்கிப்போன மாதிரி இருக்கிறதென்று 'டேக்கன் இன்டு கஸ்டடி' ஆக்கினேன். இப்போது எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள், யாருக்கும் வலிக்காத சொல். அக்காவுக்கு வாசித்துக்காட்டியபோது, 'இதுல போயிட்டாகன்னு வருதா?' என்று கேட்டார். வருகிறது என்றேன். பொய்தான், முழுக்க வரவில்லை. அந்த அலுவலர் வாங்கிக்கொண்டார். அந்தத் தடவை பேனாவை எடுக்கவில்லை.

மாட்டிக்கிட்டோம்

இங்கே நிறுத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பிடி என்று தமிழில் சொன்னால் பிடித்தவன் தெரிகிறான், ஆங்கிலத்தில் சொன்னால் பிடிபட்டவன் தெரிகிறான் என்று ஒரு அழகான முடிவு கைக்கு வந்திருந்தது. நாலைந்து பேரிடம் சொல்லியும் பார்த்துவிட்டேன்.

சில வாரம் கழித்துப் பையன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தான். மெலிந்திருந்தான். படகு வரவில்லை, அது அக்கரையிலேயே கிடக்கிறது, முதலாளி பாடு தனிக் கதை. திண்ணையில் வந்து உட்கார்ந்து டீ குடித்தான். எப்படிப்பா நடந்தது என்று கேட்டேன். 'நீரோட்டம் ஒரு பக்கம், காத்து ஒரு பக்கம், வலை கிடக்கு, உடனே இழுக்கவும் முடியல. மாட்டிக்கிட்டோம் டீச்சர்.'

மாட்டிக்கிட்டோம். அம்மா பிடிச்சது அவுக என்றார். மகன் மாட்டிக்கிட்டோம் என்கிறான். 'கிட்டோம்' என்ற அந்த வாலில், நாமே நமக்குச் செய்துகொண்டது என்ற ஒரு சாயல் இருக்கிறது. நான் ஆங்கிலத்தின் தலையில் கட்டிய பழி தமிழிலும் இருக்கத்தான் செய்தது, வேறு சொல்லுக்குள். யார் வாயிலிருந்து வருகிறது என்பதுதான் வித்தியாசமோ என்னவோ.

எல்லைக்கோட்டைத் தாண்டுவது உண்டா என்று கேட்டால், உண்டு. இந்தத் தெருவில் அது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. இந்தியாவும் இலங்கையும் 1974இல் கடலில் போட்ட கோடு தண்ணீரில் தெரியாது என்பதும் உண்மை, கருவியில் தெரியும் என்பதும் உண்மை. இந்தப் பக்கம் அள்ளி அள்ளி மீன் குறைந்துபோனதும் உண்மை. கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியை இலங்கையில் 2017இல் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். நம் படகு இழுத்துக்கொண்டு போன ராத்திரியில் அறுந்த வலைக்காரன் அங்கே விடிந்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பான், அவன் திட்டுவதும் தமிழில்தான். அவன் வீட்டிலும் ஒரு டீச்சர் மனு எழுதிக்கொடுப்பாள். அவள் எந்த வினையைப் போடுவாள் என்று சில ராத்திரிகளில் யோசிப்பேன். அவளுக்குக் காட் என்ற சொல்லில் ஒரு சிக்கலும் இருக்காது. (சிக்கல் என்றதும் ஞாபகம் வருகிறது. 'வாட்ஸ் தி கேட்ச்?' என்று ஆங்கிலத்தில் கேட்டால் இதில் என்ன சிக்கல் என்று அர்த்தம். நம் சிக்கலும் சிக்கு என்பதிலிருந்து வந்ததுதான். ஆறு மணிக்கு மேல் எங்கள் தெருவில் நடந்தால், வாசல் வாசலாக வலையைப் பரப்பிச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பார்கள்.)

பையன் அடுத்த வாரமே வேறு படகில் கூலிக்குப் போகத் தொடங்கினான். அக்கா மஞ்சள் பையை வாங்கிக்கொண்டு போனார். மீந்த இரண்டு போட்டோவும் அதிலேயே இருந்தது.

அந்த வாரம் திண்ணையில் மறுபடி கேட்ச்சின் முறை வந்தது. இந்த வருஷம் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். பாடத்தில் இருக்கிறது, விட முடியாது. ஆளுக்கு ஐந்து வாக்கியம் சொந்தமாக எழுதச் சொன்னேன். பஸ், பந்து, பட்டாம்பூச்சி என்று வழக்கமானதெல்லாம் வந்தது. தங்கைக்காரியின் நோட்டு நடுவில் இருந்தது. நாலு வாக்கியம் சாதாரணம். ஐந்தாவது, அழித்து அழித்து எழுதியிருந்தாள்: 'மை பிரதர் காட் எ கோல்ட் இன் ஜாஃப்னா.'

'சரியா டீச்சர்?' என்று எட்டிப் பார்த்தாள்.

சரி என்று டிக் போட்டுக் கொடுத்தேன்.